எல்லாருக்கும் ஒரே வண்டி

சமத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்களில் பல வகை உண்டு. கட்சியில் சேருபவர் ஒரு வகை. ஒரே ரக ரிமோட் (ஆர்.சி.) கார்களை வைத்துப் பந்தயத் தொடர் நடத்துபவர் இன்னொரு வகை. இரண்டாமவருக்குத்தான் எதிரிகள் அதிகம்.

கேமரன் மலையின் கியா பார்மில் இவரைப் பார்க்கப் பள்ளி விடுமுறை ஞாயிறுதான் சரியான நாள். பிரிஞ்சாங்கிலிருந்து ஏறும் சாலையில், ஸ்ட்ராபெரி வாங்க வந்த கோலாலம்பூர்க் கார்கள் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் அந்த வட்டாரத்திலேயே வேகமாக ஓடுபவை இவருடைய பத்தில் ஒரு பங்கு அளவுக் கார்கள்தாம். அவற்றுக்கும் இடம் கிடைக்காது. கேமரன் மலையில் சமமாக ஓரிடம் இருந்தால் அதில் முட்டைக்கோஸ் இருக்கும். கெஞ்சிக் கூத்தாடிப் பூப்பந்து மைதானத்தைப் பிடித்திருப்பார்.

சட்டம் எளிது. எல்லாருக்கும் தமியா டிடி-02, 2013-இல் வந்த சேஸி. நாலு சக்கரமும் இழுக்கும், முட்டினாலும் லேசில் உடையாது. பெட்டியோடு வரும் 540 மோட்டார், ஒரே டயர். பல்சக்கரத்தில் கை வைக்கக் கூடாது.

"வண்டி ஒண்ணா இருந்தாத்தான் ஓட்டுறவன் யாருன்னு தெரியும், தம்பி. கோயம்புத்தூர் கரிவரதன் என்ன செஞ்சாரு? மாருதி 800 என்ஜினை வச்சே ஃபார்முலா மாருதின்னு பந்தயக் காரு செஞ்சாரு..." இந்த இடத்தில் தே தாரிக்கைக் குடித்துவிடுவது நல்லது. முடிப்பதற்குள் ஆறிவிடும்.

சிக்கல் மோட்டாரில் தொடங்கியது. 540-கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி: ஒன்று துறுதுறு, ஒன்று தூங்குமூஞ்சி. காசுள்ளவன் அரை டஜன் வாங்கித் துறுதுறுப்பானதை வைத்துக்கொண்டான். இல்லாதவன் இருந்த ஒன்றைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் முக்கி, பேட்டரி கொடுத்துச் சுழலவிட்டான். உள்ளேயுள்ள கார்பன் துண்டுகள் தேய்ந்து வாகாக உட்கார, தண்ணீர் மைபோலக் கறுக்கும், மோட்டார் கொஞ்சம் தெம்பாகும். இரண்டையும் ஒழிக்க இவரே மோட்டார்களை மொத்தமாக வாங்கி வாளியில் போட்டுச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து தோற்றவர்கள் அனைவரும் வாளியைத் திட்டுகிறார்கள்.

இவர் மட்டும் ஓட்டுவதில்லை. ஓட்டினால் ஜெயித்துவிடுவாராம், ஜெயித்தால் ஊர் பேசுமாம். (ஓட்டிப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.) இவர் வேலை சோதனை. ஸ்ட்ராபெரிக் கடைத் தராசைக் கடன் வாங்கிக் கார்களை நிறுப்பார். டார்ச் அடித்துப் பல்லை எண்ணுவார். கடைசியாக ஒவ்வொரு டயரையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். ரப்பரை இளக்கிப் பிடிப்பு ஏற்றச் சிலர் பூசும் மருந்தில் விண்டர்கிரீன் வாடை வரும். குளிர்மலையில் அந்தத் தைல வாடை வராத வீடு எது?

போன பந்தயத்தில் ஒரு பொடியனின் டயரை முகர்ந்தவர் நிமிர்ந்தார். "மருந்து போட்டியா?"

"இல்ல அங்கிள். பாட்டி முட்டிக்குத் தைலம் தேச்ச கையோட தூக்கிக் குடுத்தாங்க."

பாட்டியை அழைத்தார்கள். பாட்டி கையை நீட்டினார். இவர் முகர்ந்தார். பொருந்தியது. பிறகு பாட்டி, "தம்பி, ஒனக்கும் முட்டி வலியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தைலப் புட்டியைத் திறந்தார்.

பொடியன் இரண்டாவதாக வந்தான். அன்றிரவே பங்கேற்பாளர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் புது விதி போனது: பந்தய நாளில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் டயரைத் தொட நடுவரின் முன்அனுமதி வேண்டும்.