ரிவெட் மாமா

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு மீனம்பாக்கத்தில் கிளம்பி, விடிவதற்குள் சிங்கப்பூரில் இறங்கிவிட்டு, கண் சிவக்க ஆபீஸுக்குப் போகிறவர்கள். அவர்கள் பாடு சுலபம். அவர்கள் ஓட்டுவதற்கு ஒரு விமானம் வேண்டுமே, அதை யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டுமே, அந்த யாராவதுதான் ரிவெட் மாமா.

ரிவெட் மாமாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். பகலில் பாங்கிலோ பள்ளிக்கூடத்திலோ மென்பொருள் கம்பெனியிலோ ஒரு நாற்காலி. ராத்திரி வேறொரு நாற்காலி. இரண்டாவதில்தான் வேலை நடக்கும். ரயில்வே பாலத்தைக் கடக்கும்போது எல்லோரும் ஆற்றைப் பார்ப்பார்கள், இவர் இரும்புச் சட்டத்தைப் பார்த்து, ஒரு ரிவெட்டுக்கும் அடுத்த ரிவெட்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று கண்ணாலேயே அளப்பார். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

விமானத்திலும் எல்லா விமானமும் ஆகாது. பயணிகள் விமானம் செய்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், “குழாய்க்கு ஜன்னல் வைக்கிறவங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். கடற்படை விமானம்தான் வேண்டும். இது வெறும் வீம்பு என்று நானும் நினைத்திருந்தேன். விஷயம் இருக்கிறது. கப்பலில் இடம் குறைவு. ஆகவே கப்பலில் இறங்கும் விமானத்தில் மடியாத பாகமே கிடையாது. அமெரிக்கர்களின் எஃப்-14 டாம்கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது அதன் இறக்கை 20 டிகிரியிலிருந்து 68 டிகிரி வரை பின்னுக்குப் போகும். தளத்தில் நிறுத்தும்போது 75 வரை ஒடுங்கும். இரண்டாம் உலகப் போர்க்கால கோர்ஸேருக்கு 13 அடிக்கு மேல் விட்டமுள்ள ப்ரொப்பெல்லர். அது தரையில் இடிக்கக்கூடாது, சக்கரக் காலும் நீளக்கூடாது என்று இறக்கையையே கீழ்நோக்கி வளைத்து வைத்தார்கள். வளைத்ததோடு விட்டார்களா? அந்த வளைந்த இறக்கை பாதியில் மேலே மடியவும் வேண்டும். நம் பழைய விக்ராந்த் கப்பலில் இருந்த பிரெஞ்சு அலிஸேவில் இறக்கை மடியும், வயிற்றிலிருந்து ரேடார் கூடு இறங்கும், வாலுக்கடியில் கொக்கி தொங்கும்.

இறக்கை மடிந்தால் வெட்டுவாய் தெரியும். வெட்டுவாயில் எண்ணெய்க் குழாய், மின்கம்பி, கீல், பூட்டு எல்லாம் தெரியும். விமானம் ஓட்டுகிற பையன்களில் ஒருவன்கூட அங்கே எட்டிப் பார்க்கப் போவதில்லை. மாமா பார்ப்பார். ஒரே ஒரு இறக்கை மடிப்பில் உட்கார்ந்து தலைநரைத்த மாமாக்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

நம் மாமா பிடித்துக்கொண்டது டியு-142. காரணம் அரக்கோணம். சோவியத் நாட்டிலிருந்து 1988-ல் இந்தியக் கடற்படைக்கு வந்த இந்த ராட்சதர்கள் மொத்தம் எட்டு. முதலில் கோவா, பிறகு 1992-ல் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம் தொடங்கியதும் அரக்கோணம். நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஓடுபாதை. 2017 மார்ச் 29-ல் ஓய்வு கொடுக்கும்வரை, மாமாவைப் போன்ற பையன்கள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள்.

“கப்பல்லயே இறங்காதே, அது எப்படிங்க கடற்படை விமானம்?” என்று யாரோ தெரியாமல் கேட்டுவிட்டார்.

“நீர்மூழ்கியத் தேடிப் போறது யாரு சார், போஸ்ட்மேனா?” என்றார் மாமா. அதற்குமேல் அந்த மனிதர் வாய் திறக்கவில்லை.

மடிக்க ஒன்றும் இல்லாத விமானம், சீக்கிரம் முடித்துவிடுவார் என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். விஷயம் தெரியாதவர்கள். டியு-142-ல் நான்கு எஞ்சின். ஒவ்வொரு எஞ்சினிலும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ப்ரொப்பெல்லர், ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். ஒவ்வொன்றுக்கும் நான்கு தகடு. ஆக மொத்தம் 32. சும்மா நிற்கும்போது தகடாகத் தெரிய வேண்டும், வேகம் பிடித்ததும் புகைமூட்டமான வட்டாகத் தெரிய வேண்டும், தகடு மறைந்து வட்டு தோன்றும் அந்தக் கணம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஒரு நாள் மூன்று எஞ்சின் சரியாக ஓடிற்று. நான்காவதில் இரண்டு ப்ரொப்பெல்லரும் ஒரே பக்கம் சுற்றின. அன்று மாமா சாப்பிட வரவில்லை.

வரைபடம் இன்னொரு சனியன். மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னிருந்து என மூன்று கோணத்தில் வரைந்த படங்கள் கிடைக்கும். மூன்றையும் ப்ளெண்டர் மென்பொருளில் ஏற்றிப் பொருத்தினால் ஒன்றில் மூக்கு நீளும், மற்றதில் வால் குட்டையாகும். சுமார் 50 மீட்டர் இறக்கை வீச்சில் ஒரு ஜாண் போனால் என்ன என்று நீங்களும் நானும் கேட்போம். மாமா கேட்க மாட்டார். நேரில் போய் அளந்தே தீர்வது என்று முடிவெடுத்தார். ஓய்வு பெற்ற விமானம் ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் 2017 டிசம்பரில் மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் அதற்கு “வைசாக் டூர்” என்று பெயர் சூட்டப்பட்டது. அவர் மனைவி புதுப் புடவை எடுத்துக்கொண்டார். குழந்தைகள் கடலில் இறங்கினார்கள். மாமா விமானத்துக்கு அடியில் இறங்கினார். சக்கரக் குழி, சக்கரக் கதவு, கதவின் கீல், கீலின் உள்பக்கம் என்று போன் நிறையும்வரை எடுத்துத் தள்ளினார். ஊர் திரும்பி ஆல்பம் பார்த்தபோது குடும்பத்தார் இருந்த படம் ஒன்றே ஒன்று: சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்னப் பையன் விறைப்பாக நிற்கிறான். பாசத்தில் எடுத்ததென்று மனைவி முதலில் நினைத்துவிட்டார். பையன் நாலடி இரண்டங்குலம், அளவு பார்க்க வசதி என்பது பிறகுதான் வெளிவந்தது.

உருவம் முடிந்தால் தோல். கட்டிய விமானத்தின் மேற்பரப்பு முழுவதையும் தையற்காரர் பிரித்துப்போட்ட சட்டை மாதிரி துண்டு துண்டாக வெட்டி, ஒரு சதுரத்துக்குள் பரப்பி, அதில் நிறம் தீட்ட வேண்டும். ரிவெட்டுகள் வருவது இந்த இடத்தில்தான். நிஜமாகப் புடைத்த ரிவெட்டுகளைச் செய்தால் கம்ப்யூட்டர் திணறிப்போகும். ஆகவே வெளிச்சத்தை ஏமாற்றி மேடு பள்ளம் இருப்பது போலக் காட்டும் ஒரு தனிப் படம் வரைவார்கள். தட்டையான இடத்தில் ஆயிரக்கணக்கான ஆணித்தலை. மாமா ஒவ்வொன்றாக வைப்பார். ஒன்றை வைத்து மற்றதை நகலெடுக்கலாமே என்றால், “ஃபேக்டரியில ஆளு வச்சுத்தானே அடிச்சிருக்கான்? வரிசை லேசா கோணித்தானே இருக்கும்?” என்பார். கோணலையும் கையாலேயே கோணலாக வைக்கிறார்.

உள்ளே காக்பிட்டுக்குப் பச்சையும் நீலமும் கலந்த அந்தச் சோவியத் வர்ணம். எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம் என்பதில் மாமாவுக்கும் அவரைப் போன்ற இன்னொருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷமாகிறது. இருவரும் காட்டுவது ஒரே புகைப்படம்தான்.

இப்படியாக விமானம் பளபளவென்று தயாராகி நின்றபோது, ராஜாளியில் வெகுகாலம் அதன் எஞ்சின்களோடு மாரடித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். எல்லோரும் அவரை சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். காபி கொடுத்து, நாற்காலி போட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினார் மாமா. மௌஸைப் பிடித்த கை நடுங்கியது. பெண் பார்க்கப் போனபோதுகூட இவர் இப்படி நின்றதில்லையாம். மனைவி சொன்னது.

சீஃப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மூக்கைப் பார்த்தார், வால் பீரங்கியைப் பார்த்தார், வால் துடுப்பு உச்சியில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் காந்த உணர்கோலைப் பார்த்தார். 

“எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி.”

மாமா மூச்சு விட்டார்.

“ஆனா இவ்வளவு சுத்தமா எங்க இருந்துச்சு? எஞ்சினுக்குப் பின்னால பூரா கரியா இருக்கும். அடியில எண்ணெய் ஒழுகின கறை. நாங்க ஏறி நடந்த எடமெல்லாம் பூட்ஸ் தடம். இது ஏதோ ஷோரூம்ல நிக்கிற வண்டி மாதிரில்ல இருக்கு?”

அன்று ஆரம்பித்தது அழுக்குப் படலம். கரி படிந்தால் காற்றோட்டத்தின் திசையில்தான் படியும். எண்ணெய், பறக்கும்போது பின்னால் இழுபடும், நிற்கும்போது நேரே கீழே சொட்டும். மழையில் கரைந்த புழுதிக்குத் தனிக் கோடு. மாமா பேருந்து நிலையத்தில் நின்று பஸ்ஸின் பின்பக்கத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். கண்டக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் அழுக்கைப் பூசிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, அதிகமாகிவிட்டதென்று பாதியைத் துடைத்துவிட்டு, மறுநாள் மறுபடி பூசுவார்.

“வீட்டு ஃபேன்ல விரல் கனம் ஒட்டடை. பொங்கலுக்காவது தொடைங்கன்னு கெஞ்சினேன். ஏறல,” என்று மனைவி என்னிடம் முறையிட்டார். “அங்க பாருங்க, உக்காந்து தூசி பூசிக்கிட்டு இருக்காரு.”

“ஏய், அந்த ஃபேனைத் தொடைச்சிராத,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “போட்டோ எடுக்கணும்.”

இதையெல்லாம் விட மாமா பயப்படுவது ஒன்றுக்குத்தான்: புது சிமுலேட்டர். மைக்ரோசாஃப்டின் எஃப்.எஸ்.எக்ஸ் 2006-ல் வந்தது. அதற்கு முழுமையான வாரிசு 2020 வரை வரவில்லை. அந்தப் பதினான்கு வருஷம் இந்த இனத்துக்குப் பொற்காலம், அவசரப்படுத்த ஆள் கிடையாது. 2020-ல் புதிது வந்ததும் பழைய கோப்பு ஏறாது, பழைய வர்ணம் ஒட்டாது, எல்லாம் முதலிலிருந்து என்றாயிற்று. தட்டுத்தடுமாறி எழுந்தால் 2024-ல் இன்னொன்று. உறவுக்காரர்களுக்கு இது பிடிபடாது. “இதுல மாசம் என்ன வரும்?” என்று மச்சினர் கேட்பார். வெளிநாட்டில் குழுவாகச் சேர்ந்து செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள், அது உண்மை. மாமா இலவசமாகத்தான் கொடுக்கப்போகிறார். காசு வாங்கினால் கெடு வைப்பார்கள் அல்லவா?

இத்தனைக்கும் மாமாவுக்கு விமானம் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் உத்தேசமில்லை. மாதத்துக்கு ஒரு முறை, எல்லோரும் தூங்கிய பிறகு, விமானத்தை ராஜாளி ஓடுபாதையில் கொண்டுவந்து வைப்பார். முதல் முறை வைத்தபோது, 185 டன் வரை எடையோடு கிளம்பக்கூடிய அந்த ராட்சதன் எம்பிக் குதித்துக் குப்புற விழுந்தான். சக்கரம் தரையைத் தொடும் புள்ளியை மாமா தரைக்குக் கீழே குறித்துவிட்டிருந்தார். அடுத்த முறை முழங்கால் வரை தார்ச்சாலைக்குள் புதைந்து நின்றது. இப்போது ஒழுங்காக நிற்கிறது. நிற்பதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். விளக்கைப் போடுவார், அணைப்பார். சக்கரத்தை மட்டும் மடித்துப் பார்க்க வேண்டியிருந்தால், விமானத்தை அந்தரத்தில் நிறுத்தி மடித்துப் பார்ப்பார். கதவு திறக்க வேண்டும், சக்கரம் பின்பக்கமாக மடங்கி எஞ்சினுக்குப் பின்னால் நீளும் கூட்டுக்குள் போக வேண்டும், அப்புறம்தான் கதவு மூட வேண்டும். இந்த வரிசையில் மாமாவுக்கு இன்னும் முழுத் திருப்தியில்லை.

போன கோடை விடுமுறையில் அவருடைய அக்கா மகன் வந்திருந்தான், பத்தாவது படிக்கிறவன். மாமா காய்கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டான். அவர் திரும்பியபோது டியு-142 அரக்கோணத்தை விட்டுக் கிளம்பி, திருத்தணி மலையை உரசி, சென்னைக் கடற்கரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்த விமானம் முதன்முதலாகப் பறந்தது அன்றுதான். வீடே கூடிவிட்டது. மாமாவின் மனைவி கை தட்டினார். மாமா கையில் பையோடு வாசற்படியிலேயே நின்றார்.

பையனுக்கு உற்சாகம் தாளவில்லை. மூக்கை ஒரேயடியாகக் கீழே அமுக்கினான். கடல் பெரிதாகிக்கொண்டே வந்தது. சத்தம், நுரை, பிறகு நீலத் திரை.

“சாரி மாமா,” என்றான் பையன். குரல் கம்மிவிட்டது. “கடல்ல வுட்டுட்டேன்.”

“அது கெடக்கட்டும்டா,” என்று பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார் மாமா. “ஏறும்போது பாத்தியா? மொதல்ல கதவு மூடிச்சா, சக்கரம் உள்ள போச்சா?”