பேட்டரி இல்லாமல் பாடுமா?

கேள்வி: கைப்பேசியிலேயே உலக வானொலியெல்லாம் கேட்கிறதே! வீட்டில் கம்பி சுற்றி ஏ.எம். ரேடியோ செய்வது வீண் வேலை அல்லவா?

பதில்: பாட்டுக் கேட்க கைப்பேசி போதும், பாட்டு எப்படி வந்து சேர்ந்தது என்று அது காட்டாது. கம்பிச்சுருள், கேங் கண்டென்சர், ஜெர்மானியம் டையோடு, கிரிஸ்டல் இயர்போன், ஏரியல், எர்த்: கிரிஸ்டல் ரேடியோ இவ்வளவுதான். முதல் இரண்டும் நிலையத்தைத் தேர்ந்தெடுக்க, டையோடு அலையை ஒரு திசையில் மட்டும் விட்டு, அதன் ஏற்ற இறக்கத்தில் ஏறி வந்த குரலைப் பிரித்துத் தருகிறது. பேட்டரி கிடையாது, காதில் விழும் ஒலிக்கான சக்தி முழுவதும் நிலையத்தின் கோபுரத்திலிருந்தே வருகிறது! ஜகதீஷ் சந்திர போஸ் 1901-ல் விண்ணப்பித்து, 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கலீனா படிகக் கருவி இந்த டையோடின் மூதாதை. இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் ஆன்ஸியோவில், பதுங்குகுழி வீரர்களுக்கு சவர பிளேடும் பென்சில் கரியுமே டையோடாகின.

ஒலி ஈனமாக இருக்கும், நிலையங்கள் ஒன்றோடொன்று கலக்கும் என்பீர்கள். உண்மை. ஆனால் இரண்டையும் நம் கையாலேயே சரிசெய்யலாம், அதுதான் இதன் பெருமை. ஏரியலை நீட்டி, நல்ல எர்த் கொடுத்தால் ஒலி கூடும். சுருளின் நடுவே ஓர் இணைப்பு எடுத்து ஏரியலை அங்கே மாற்றினால் நிலையங்கள் பிரியும். சிலிக்கன் டையோடு மட்டும் வேண்டாம். அது திறக்கவே சுமார் 0.6 வோல்ட் கேட்கும், ஜெர்மானியத்துக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. இடி மின்னல் வருவதற்கு முன்பே வெளி ஏரியலைக் கழற்றிவிடுங்கள்.