எட்டினும் மூன்று இளையது: டிரீம்வீவர் பதிப்புத் தேர்வு பற்றிய ஓர் ஆராய்ச்சி

இணையப் பக்கம் வடிவமைப்போர் கையிலுள்ள பழைய பதிப்பிலேயே நிலைத்திருப்பதா, புதியதற்கு மாறுவதா என்னும் வினாவை ஆராயப் புகுவோர், பழையது எது, புதியது எது என்பதை முதற்கண் வரையறுத்தல் வேண்டும். பதிப்பு எண்ணே இதற்குப் போதுமான சான்று எனக் கருதுவோர் டிரீம்வீவரின் வரலாற்றை அறியாதவராவர்.

1997இல் மேக்ரோமீடியா நிறுவனம் வெளியிட்ட இம்மென்பொருள், நான்காம் பதிப்பு வரை ஒழுங்காக எண்ணி வந்து, 2002இல் எண்ணைத் துறந்து எம்எக்ஸ் எனப் பெயர் பூண்டு, 2003இல் எம்எக்ஸ் 2004 என வராத ஆண்டைத் தலையில் சூடி, 2005இல் 8 என மீண்டும் எண்ணுக்கே திரும்பியது. அவ்வாண்டின் இறுதியில் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கிவிட்டமையால், 2007இல் வந்த அடுத்த பதிப்பு சிஎஸ்3 எனப்பட்டது. எனவே எட்டினும் மூன்று இளையது. இரண்டாயிரத்து நான்கோ எட்டினும் மூத்தது. இதனைக் கணக்குப் பிழை என்று கொள்ளலாகாது. சிஎஸ் என்பது ஃபோட்டோஷாப் முதலியவற்றை உள்ளடக்கிய தொகுப்பின் பெயர். அக்குடும்பத்தில் பிந்திப் புகுந்த டிரீம்வீவருக்கு முதலிரண்டு பருவங்கள் வாய்க்கவில்லை.

இனி, கட்சிகள் இரண்டு. புதியதே நன்று என்போர், எழுதும் பக்கம் உலாவியில் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே மென்பொருளுக்குள் காட்டும் 'லைவ் வியூ' சிஎஸ்4இல்தான் வந்தது என்பர். பழையதே போதும் என்போர், பக்கத்தில் கட்டங்களை இழுத்து வரைந்து அமைக்கும் 'லேஅவுட் மோட்' அதே சிஎஸ்4இல்தான் கைவிடப்பட்டது என்பர். இரண்டும் உண்மையே. எனினும் இருதரப்பாரின் வாதங்களையும் நெடிது கேட்போருக்கு, ஒருவர் எந்தப் பதிப்பில் தொழில் பயின்றாரோ அதுவே அவருக்கு மென்பொருள் வளர்ச்சியின் உச்சமாகத் தோன்றுகிறது என்பதும், புதிய பதிப்பை வாங்கியவர் செய்யும் முதல் வேலை அதன் பேனல்களைப் பழைய பதிப்பில் இருந்த இடங்களுக்கே நகர்த்துவது என்பதும் புலனாகும்.

2013க்குப் பின் இவ்வாராய்ச்சி வேறு துறைக்கு மாறியது. கிரியேட்டிவ் கிளவுட் என்னும் சந்தா முறையில், பணம் செலுத்தும் வரையில்தான் மென்பொருள் இயங்கும் என்றானபின், 2012இன் சிஎஸ்6 பெட்டியை வாங்கி வைத்திருந்தோர் பழமைவாதிகள் என்னும் நிலையிலிருந்து சொத்துடையோர் என்னும் நிலைக்கு உயர்ந்தனர்.

மைக்ரோசாஃப்டின் இணையப்பக்க மென்பொருளான ஃபிரண்ட்பேஜின் வழியினரோ, 2003க்குப் பின் அப்பெயரில் பதிப்பே வெளிவராமையால், தேர்வு என்னும் துன்பமே அற்றவர்கள். அவர்கள் பக்கத்தில் வைக்கும் ஹிட் கவுண்டர், அதாவது வருவோரை எண்ணும் கருவி, இயங்க வேண்டுமாயின், சர்வரில் ஃபிரண்ட்பேஜுக்கென்றே உரிய துணைநிரல்கள் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும்; அத்தகைய சர்வரைத் தேடிக் கண்டடைதல் தொல்லியலின்பாற்படும் ஆதலின் ஈண்டு விரிக்கப்படவில்லை.