ஆயிரம் கல்யாணம் முடித்து வைத்த அம்மா

வீட்டில் ஏதாவது ரசீது காணாமல் போனால் யாரும் பீரோவைத் திறக்க மாட்டார்கள். அம்மா படித்துக்கொண்டிருக்கும் நாவலைத்தான் திறப்பார்கள். கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் ரசீது, அப்பாவின் ஈசிஜி ரிப்போர்ட் எல்லாமே, நாயகன் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த பக்கத்தில் பத்திரமாக இருக்கும். இப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இருந்தால், அங்கே ஒரு நாவல் அம்மா குடியிருக்கிறார் என்று அர்த்தம்.

மாம்பலத்திலும் இருப்பார், பாளையங்கோட்டையிலும் இருப்பார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். பருப்புக்கு நாலு விசில் என்றால் அதற்குள் ஆறு பக்கம் என்பது அவருடைய கணக்கு. கதை சூடு பிடித்த நாளில் விசில் எண்ணிக்கை தவறி, பருப்பு கூழாகிவிடும். அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்.

இந்தப் பழக்கம் பரம்பரையாக வந்தது. அம்மாவின் பாட்டி வை.மு.கோதைநாயகியின் வாசகி. ஐந்தரை வயதில் கல்யாணமாகி, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கோதைநாயகி 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தியதோடு 115 நாவல்களும் எழுதியவர். அம்மாவின் அம்மாவுக்கு லக்ஷ்மி. டாக்டர் திரிபுரசுந்தரியாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே லக்ஷ்மியாகக் குடும்பக் கதை எழுதி, 1984-இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கியவர். நம் அம்மா தலையெடுத்தபோது செங்கோல் ரமணிசந்திரன் கைக்கு வந்திருந்தது. நூற்றைம்பதுக்கு மேல் நாவல்கள் எழுதியிருக்கிறார், அத்தனையிலும் கடைசியில் நல்லதே நடக்கும். அதில் ஒன்றைக்கூட விட்டதில்லை என்பது அம்மா வாங்கிய ஒரு பட்டம்.

பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம், தெருமுனை லெண்டிங் லைப்ரரி. அட்டை பிய்ந்து, பழுப்புக் காகிதம் ஒட்டி, முதுகில் பேனாவால் எண் எழுதிய மாத நாவல்கள். ஒரே புத்தகத்தை மறந்துபோய் மறுபடி எடுத்து வந்துவிடாமல் இருக்க, அம்மா 27-ஆம் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுவார். பின்தெரு மாமி அங்கேயே ஒரு நட்சத்திரம் போடுவார். டீச்சரம்மா இனிஷியல் போடுவார். 27-ஆம் பக்கம் கோலம் போட்ட வாசல் மாதிரி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புத்தகத்தை எடுக்கலாம். எந்த விமர்சகரும் அந்தப் பக்கத்தை மறுத்துப் பேசியதில்லை.

இத்தனை படித்ததில் ஆண்களைப் பற்றி அம்மாவுக்குத் திட்டவட்டமான அறிவு சேர்ந்திருக்கிறது. நல்லவன் ஆறடிக்குக் குறையமாட்டான். சொந்தமாக மில்லோ எஸ்டேட்டோ வைத்திருப்பான். நாலாம் அத்தியாயத்தில் நாயகியைத் தப்பாகப் புரிந்துகொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவான். அந்தத் தப்பை எடுத்துக் கொடுக்க உதட்டுச்சாயம் பூசிய ஓர் அத்தை மகள் இருப்பாள். சிரித்த முகமாக, மரியாதையாக, நாயகிக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கிற பையன் ஒருத்தனும் வருவான். அவன் பாவம், கடைசியில் நாயகியின் தங்கையைக் கட்டிக்கொள்வான்.

இந்த அறிவோடு அம்மா வீட்டில் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. ஆனால் வீட்டில் கல்யாணமாகாத மகள் இருக்கிறாள். முப்பத்திரண்டு வயது, ஓ.எம்.ஆரில் வேலை, தனி ஸ்கூட்டர், தனி வங்கிக் கணக்கு. "நான் நல்லாத்தானேம்மா இருக்கேன்" என்பது அவளுடைய ஒரே வசனம். "நல்லா இருக்கறவளைச் சுத்தித்தான்டி கதையே ஆரம்பிக்கும்" என்பது அம்மாவின் பதில்.

மேட்ரிமோனியில் வருகிற வரன்களை அம்மா ஜாதகத்துக்கு முன்னால் அத்தியாயம் பார்த்துப் பிரிப்பார். போன தை மாதம் ஒரு பையன் பெற்றோரோடு வந்தான். கேசரியைப் பாராட்டினான். அப்பாவிடம் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தான். கிளம்பும்போது தண்ணீர் குடித்த டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தான். மகளுக்கே லேசாகப் பிடித்துவிட்டது. கதவைச் சாத்தியதும் அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"நல்ல பையன்தான். ஆனா ரெண்டாவது ஹீரோ."

"அப்படின்னா?"

"தங்கச்சியைக் கட்டிக்கிறவன்."

"எனக்குத் தங்கச்சியே இல்லையேம்மா!"

"அதான் சொல்றேன், சரிவராது."

அடுத்து வந்தவன் ஒன்றரை மணி நேரம் தாமதம். வந்ததிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஜ்ஜியைத் தொடவில்லை. "நீங்க வேலையை விட்டுடுவீங்கதானே?" என்று மகளிடம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் காரில் ஏறிவிட்டான். மகளுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அம்மாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, எப்படி முறைச்சான்!" என்றார். அந்த வரன் தட்டிப்போனதில் அம்மாவுக்கு இன்னமும் வருத்தம் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆயிரம் காதலுக்கு அட்சதை போட்ட இதே அம்மாவிடம், "ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார்ம்மா" என்று மகள் ஒரு தடவை வாயெடுத்தாள். அம்மாவின் கண்கள் மின்னின. கையிலிருந்த நாவலைக் கவிழ்த்து வைத்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி: "என்ன ஆளுங்க?"

மாத நாவல்களில் இந்தக் கேள்வி வந்து நாம் பார்த்ததில்லை. அங்கே நாயகனுக்கு எஸ்டேட் உண்டு, கோபம் உண்டு, அழகான கிராப்பு உண்டு. சாதிச் சான்றிதழ் கிடையாது, நட்சத்திரம் ராசி கிடையாது. வீட்டிலோ பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு தட்டினால் ஜோசியருக்குப் போன் பறக்கும். மகள் இதைச் சுட்டிக்காட்டினால் அம்மா கொஞ்சமும் அசரமாட்டார். "கதையில வர்றவங்களுக்குச் சித்தப்பா பெரியப்பா இருக்காங்களா? எனக்கு இருக்காங்கடி. அத்தனை பேருக்கும் நான்தானே பதில் சொல்லணும்?" என்பார். கதைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவரில் அவருக்குத் தெரியாத செங்கல் ஒன்றும் இல்லை.

காலம் மாறியது. லெண்டிங் லைப்ரரி இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். அம்மா பிரதிலிபி ஆப்புக்குக் குடிபெயர்ந்தார். இப்போது கதை வாரத்துக்கு மூன்று அத்தியாயமாகப் போனில் வருகிறது. அத்தியாயம் என்று சொன்னால் அம்மாவே திருத்துவார்: யூடி, அதாவது அப்டேட். யூடி தாமதமானால் எழுத்தாளருக்கு நேராகவே மனு போடுவார்: "சிஸ், நாயகியை ரொம்ப அழ வைக்காதீங்க, எனக்கு பிரஷர் இருக்கு." இப்போதைய நாயகர்களுக்கு ஆன்டி ஹீரோ என்று பெயர். கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டுகிறார்கள். அம்மாவுக்கு அது மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. "நம்ம காலத்து ஆளு பல்லைக் கடிச்சதோட நிறுத்திப்பான்" என்று பெருமூச்சு விடுவார். இருந்தாலும் அடுத்த யூடியைத் தவறவிடுவதில்லை.

மகளும் நாவல் படிப்பவள்தான், ஆங்கிலத்தில். "உன் கதையெல்லாம் ஒரே கதைம்மா" என்று கேலி செய்துகொண்டே ஹெலன் ஃபீல்டிங் எழுதிய பிரிட்ஜெட் ஜோன்ஸை மூன்றாம் முறையாகப் படிக்கிறாள். 1995-இல் லண்டன் பத்திரிகையில் பத்தியாகத் தொடங்கி, 1996-இல் நாவலாக வந்தது. பிரிட்ஜெட், முப்பது தாண்டியும் கல்யாணமாகாத லண்டன்காரி. தினம் டைரியில் எடை எவ்வளவு, சிகரெட் எத்தனை என்று கணக்கெழுதுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே அம்மா கதை கேட்டார். புத்தாண்டு அன்று வான்கோழிக் கறி விருந்துக்கு வரவழைத்து, வக்கீல் மாப்பிள்ளை மார்க் டார்சியைப் பிரிட்ஜெட்டின் கண்ணில் காட்டுகிறார்கள் என்றதும் அம்மா நிமிர்ந்தார்.

"வெள்ளைக்காரங்க வீட்லயும் பொண்ணு பார்க்கறது உண்டா? அதுவும் கறி போட்டு?"

மார்க் பணக்காரன், சிடுமூஞ்சி, அவளைத் தப்பாக எடைபோடுகிறான் என்று மகள் சொல்லி முடிப்பதற்குள், "கடைசியில அவன்தான்" என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டார். இது ஜேன் ஆஸ்டின் 1813-இலேயே எழுதிய கதையின் மறுவார்ப்பு என்று மகள் விளக்கியதற்கு, "அப்ப அந்தம்மாவும் நம்ம ஆளுதான்" என்றார்.

அதே வரிசையில் 2016-இல் வந்த நாவலில் பிரிட்ஜெட் கல்யாணமாகாமலே கர்ப்பமாகிறாள் என்று சொல்லிவிட்டு மகள் கொஞ்சம் நிறுத்தினாள். இரண்டு பேரில் யார் தகப்பன் என்று அவளுக்கே தெரியவில்லை. வெடி வெடிக்கும் என்று காத்திருந்தாள். அவரைக்காய் நறுக்கும் சத்தம் நின்றது. அம்மா யோசித்தார். பிறகு கேட்டார்:

"ரெண்டு பேர்ல கோவக்காரன் யாரு?"

"மார்க்."

"அவன் குழந்தைதான்."

சரியான விடை. மகள் அன்றோடு கேலியை நிறுத்திக்கொண்டாள்.

ஆனால் தாய்மை வருகிற இடத்தை அம்மா எப்படிப் படிக்கிறார் என்று பார்க்க வேண்டும். குடும்ப நாவல்களில் பிள்ளைப்பேறு கடைசிப் பக்க விவகாரம். நாயகி காலையில் குமட்டிக்கொண்டு ஓடுவாள், மாமியார் திருஷ்டி கழிப்பாள், கதை முடிந்தது. ஆன்லைனில் இன்னும் வசதி: 'ஐந்து வருடங்களுக்குப் பிறகு' என்று போட்டால் இரட்டைக் குழந்தைகள் தயாராகத் தோட்டத்தில் ஓடி விளையாடும். அந்த ஐந்து வருஷத்தில் யார் ராத்திரி முழித்திருந்தார்கள், யார் வேலையை விட்டார்கள், தடுப்பூசி அன்றைக்குக் காய்ச்சலில் யார் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று எந்த எழுத்தாளரும் சொல்வதில்லை. தாய்மை வருகிற அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் அம்மா புரட்டிவிடுவார். "அதெல்லாம் எழுதினா நல்லா இருக்குமேம்மா" என்று மகள் ஒருநாள் சொன்னாள். "எழுதினா நான் படிக்க மாட்டேன். முப்பது வருஷமா தினம் பண்றதைக் காசு குடுத்து வேற படிக்கணுமா?" என்றார் அம்மா. அவர் ஏமாந்து படிக்கிறார் என்று நினைப்பவர்கள் இந்தப் பதிலைக் கேட்டதில்லை.

போன மாதம் மகள் உண்மையாகவே குண்டைப் போட்டாள். கல்யாணம் வேண்டாம், ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்றிருக்கிறாள். சட்டத்தில் இடம் உண்டு என்று விவரமாகவே சொன்னாள்: தனிப் பெண் ஆண் குழந்தையும் தத்தெடுக்கலாம், பெண் குழந்தையும் தத்தெடுக்கலாம்; தனி ஆணுக்குத்தான் பெண் குழந்தை கிடையாது. இணையத்தில் பதிவு செய்து, சான்றிதழ்களை ஏற்றி, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்பா பேப்பரை மடித்தார். இந்த மாதிரி நேரத்தில் அவர் எப்போதும் மோட்டார் போடப் போய்விடுவார், போய்விட்டார்.

அம்மா கூச்சல் போடவில்லை. முதலில் வந்தது தாயின் கேள்வி: "ராத்திரி குழந்தை அழுதா யார் எழுந்திருப்பா? உனக்குக் காலையில ஒம்பது மணிக்கு மீட்டிங்."

"நீ இருக்கேல்ல?"

"அதானே பார்த்தேன்" என்றார். ஆனால் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இறந்துபோன அக்காவின் குழந்தையை வளர்க்கிற நாயகியை ஊரெல்லாம் தப்பாகப் பேசுகிற நாவல்களை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினார். "எல்லாத்துலயும் நல்லபடியாத்தான் முடிஞ்சுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"பதிஞ்சதும் குழந்தையைக் குடுத்துடுவாங்களா?"

"இல்லம்மா. முதல்ல ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க. நாம எப்படி இருக்கோம், வசதி எப்படி, வீட்ல யார் யார் இருக்காங்கன்னு விசாரிச்சு அறிக்கை எழுதுவாங்க."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் அந்தப் பழைய மின்னல்.

"வர்ற ஆபீசர் கல்யாணம் ஆனவரா?"

"அம்மா!"

"முறைச்சுப் பேசினா நீ பதிலுக்கு வாயாடாதே. முதல்ல தப்பாத்தான் எழுதுவார். அப்புறம் குழந்தை வந்தப்புறம் சரியாயிடும். அன்னிக்கு அந்த மயில்கழுத்து நீலப் புடவையைக் கட்டிக்கோ."

"வர்றது பொம்பளையா இருந்தா?"

அம்மா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"அவங்களுக்கு ஒரு தம்பி இருப்பான்."