தாத்தா, படம் பார்த்தாச்சா?

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பதில்கள்

கே: ரிட்டையர் ஆனபிறகு மலைமேல் எப்படிப் பொழுது போகிறது? (போளூர்)

ப: பகலில் சாமைக்கொல்லை, ராத்திரியில் சினிமா. பொழுதுதான் போதவில்லை.

கே: சமீபத்தில் பார்த்ததில் மனசில் நின்ற படம்? (ஆரணி)

ப: 'மெய்யழகன்'. 2024-இல் வந்த படம், வீட்டு டிவியில் இப்போதுதான் பார்த்தேன். விழுந்து விழுந்து கவனிக்கும் கார்த்தி யாரென்றே அரவிந்த்சாமிக்கு நினைவில்லை; பேர் கேட்கவும் கூச்சம். வாத்தியார் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் இந்தத் தவிப்பு தெரியும். சந்தையில் மீசைக்காரன் ஒருவன் "சார், என்னைத் தெரியுதா?" என்பான். "தெரியாமலா!" என்போம். "அப்ப என் பேரைச் சொல்லுங்க" என்பான் பாருங்கள், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்போல இருக்கும்! இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசுவதை நம்பிப் படமெடுத்தாரே பிரேம்குமார், அந்தத் துணிச்சலுக்கே மாலை போடணும். நீளம் என்று சொல்லி, வெளியான சில நாளிலேயே 18 நிமிடத்தை வெட்டினார்கள். விருந்துக்கு வந்தவனைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்புவது எந்த ஊர் வழக்கம்?

கே: நடிகர்களில் நம்பர் ஒன் யார்? (சேத்துப்பட்டு)

ப: நம்பரெல்லாம் ரேஷன் கடையில் கேளுங்கள்.

கே: 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே இல்லையாமே, போரடிக்காதா? (கண்ணமங்கலம்)

ப: அதற்காகவே டைரக்டர் வினோத்ராஜைக் கையெடுத்துக் கும்பிட்டேன்! ஆட்டோ சத்தம், காலில் கயிறு கட்டிய சேவல், தொண்டையில் சுண்ணாம்பு தடவிய சூரியின் கரகரக் குரல். அன்னா பென் வாயே திறப்பதில்லை என்று சொல்லலாம். ஆட்டோவில் வரும் அத்தனை பேரையும்விட அவர் சொல்வதுதான் நமக்குக் கேட்கிறது. மற்ற படங்களில் கதாநாயகன் செருப்பு மாட்டினாலே அறுபது டிரம்ஸ் அதிர்கிறது. வசனம் கேட்கவில்லையே என்று சத்தத்தை ஏற்றினால், அடுத்த நொடி சண்டைக்காட்சி வந்து தெருக்கோடி நாய் குரைக்கிறது. இந்தப் புகாரைப் போன மாதமும் எழுதினேன். டிரம்ஸ் அடங்கும்வரை மாதாமாதம் எழுதுவேன்.

கே: 'புஷ்பா' இரண்டு பாகமும் பார்த்தீர்களா? அல்லு அர்ஜுன் கலக்கல்தானே? (செங்கம்)

ப: கலக்கல்தான். முதல் பாகத்துக்குத் தேசிய விருதே வாங்கினார். ஆனால் எங்கள் மலையில் உட்கார்ந்துகொண்டு அந்தச் செம்மரக் கடத்தல் படத்துக்குக் கைதட்ட முடியவில்லை, தம்பி. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அத்தனை பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. செம்மரம் வெட்ட வந்து எங்களைத் தாக்கினார்கள் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துப்போனார்கள் என்றார்கள் தப்பிவந்தவர்கள்.

சாமை விலைபோகாத வருஷத்தில் புரோக்கர் முன்பணத்தோடு மலையேறுவான். கோடாலி பிடிக்கிறவனுக்கு நாள் கூலி. மரம் கடைசியில் எந்தத் துறைமுகத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று அவனுக்குத் தெரியாது. புஷ்பாவும் கூலியாகத்தான் காட்டுக்குள் போகிறான், முதலாளி ஆகிறான். இங்கிருந்து கூலிக்குப் போய் முதலாளியாகத் திரும்பிய ஒருவனையும் நான் பார்த்ததில்லை. புருஷனை ஜாமீனில் எடுக்க, மொழி தெரியாத ஊரில் கோர்ட் வாசலில் கைக்குழந்தையோடு நின்றுவிட்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கதையை யாராவது எடுக்கட்டும். போளூருக்கு இறங்கிப்போய் முதல் காட்சியே பார்க்கிறேன்.

கே: சினிமாத் தாத்தாக்கள் எப்படி? (வந்தவாசி)

ப: இருமுவார்கள், புத்திமதி சொல்வார்கள், இன்டர்வெலுக்குள் செத்துப்போவார்கள். விதிவிலக்கு 'கடைசி விவசாயி' நல்லாண்டி. செத்த மயில்களைப் புதைத்ததற்காக அவரைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். அவருக்கு இருக்கும் ஒரே கவலை, பயிருக்குத் தண்ணீர் விட ஆளில்லையே என்பது. கடைசியில் கான்ஸ்டபிள் போய்த் தண்ணீர் பாய்ச்சுகிறார்! அல்லு அர்ஜுன் வாங்கிய அதே 69-ஆவது தேசிய விருதுகளில்தான் நல்லாண்டிக்கும் சிறப்புப் பாராட்டு வந்தது. படம் வெளியாகும் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

கே: எல்லாப் படத்தையும் இரண்டு பாகமாக எடுக்கிறார்களே? (திருப்பத்தூர்)

ப: பாகப்பிரிவினை குடும்பத்துக்கே ஆகாது.