வாங்கு தம்பி, ஆர் மறிச்சது?

மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில மூண்டாம் மாடியில இருந்து, வேலைக்கு மெட்றோவில போறவனுக்கு ஒரு பெரிய டீசல் பிக்கப் இல்லாமல் சீவியம் என்னெண்டு போகும்? வாங்கு மோனை.

முதல் வடிவைக் கதைச்சு முடிப்பம், உனக்கு அதுதானே முக்கியம். ஃபோர்ட் சுப்பர் டியூட்டி நல்ல சதுரம். செவர்லே சில்வராடோவுக்கு முன்னால நிண்டால் பொனற் என்ரை நெஞ்சுக்கு வருது. சின்னப்பிள்ளை நிண்டால் உள்ளுக்கிருக்கிற உனக்குத் தெரியாது. ராமில கிடாய்த்தலை ஒட்டியிருக்கு. எங்கட வேள்விக்கிடாய் போலத்தான்: பாக்க வந்த சனம் புகழும், தீனிக்கணக்கு வளர்த்தவனுக்குத் தெரியும்.

ராமுக்குள்ள கம்மின்ஸ். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை, 1989இல டொட்ஜுக்குள்ள வந்தது. பழைய 5.9 லீற்றரைப் பற்றிக் கேட்டால் மெக்கானிக்மார் கும்பிடாத குறை. அந்தக் கம்மின்ஸ் கொம்பனிதான், புகைக்கட்டுப்பாட்டை ஏமாத்துற மென்பொருள் வைச்சதெண்ட வழக்கில 2023 கடைசியில 167 கோடி டொலருக்கு மேல தண்டம் கட்ட அமெரிக்காவோட ஒத்துக்கொண்டது. சாமியெண்டாலும் கணக்குக் கேப்பினம்.

2003 தொடக்கம் 2007 வரை வந்த ஃபோர்ட் 6.0 பவர்ஸ்ட்ரோக்கை ஆரும் மலிவாத் தாறன் எண்டால் நடக்காதை, ஓடு. ஈ.ஜி.ஆர். கூலர் போகும், பிறகு ஹெட் காஸ்கற் போகும், பிறகு உன்ரை சம்பளம் போகும். 2011இல வந்த 6.7 எவ்வளவோ திறம். ஆனால் அதிலையும், அந்த வருசத்து ஜி.எம். டியூரமாக்ஸிலையும் சி.பி.4 எண்ட பொஷ் பம்ப் வந்து குந்திச்சுது. அந்தப் பம்புக்கு ஓடுற டீசல்தான் மசகும். டீசலில தண்ணி கலந்தால், வழுவழுப்புக் குறைஞ்சால், உள்ளுக்கை உராஞ்சு இரும்புத்தூள் கொட்டும். தூள் இஞ்செக்டர் வரைக்கும் போகும். பம்பை மட்டும் மாத்தினால் காணாது, டீசல் போற வழி முழுக்க மாத்தவேணும். 2017இல ஜி.எம். அதைக் கைவிட்டுது. ராம்காரர் 2019இல அதைத் தூக்கிப் பூட்டி, ரீகாலும் போட்டு, பழைய பம்புக்கே திரும்பிச்சினம். ஊரில பொருளாதாரத் தடைக்காலத்தில நாங்கள் ரெண்டு துளி பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில கார் ஓடினனாங்கள். இதுக்கு அப்பிடிக் காட்டிப் பார்!

சினோ அள்ளுற கொன்ராக்ற் எடுத்து, முன்னால பிளவ் பூட்டி, பின்னால ட்ரெய்லர் இழுக்கிறவனுக்கு டீசல் பிக்கப்பை விட்டால் வேறை கதியில்லை. இந்தச் சாதிக்குப் பாரமும் சூடும் வேணும். நீ ஜோன்-தலோன் சந்தைக்குப் போய் அரைக்கிலோ வெண்டிக்காயோட வருவாய். எஞ்சின் சூடேற முதல் நிப்பாட்டுவாய். கரி எரியாமல் புகை வடிக்கிற பில்டருக்குள்ள சேரும்.

மாசியில இன்னும் வடிவு. எஞ்சினைச் சூடாக்க மூண்டாம் மாடியிலயிருந்து சுருள் படியால வயர் இறக்கோணும். சாமத்தில சினோ அள்ள முதல் இழுவை லொறி சைரன் ஊதும். சாரத்தோட ஓடிவந்து வயரைக் கழட்டி, 20 அடிக்கு மேல நீளமான அந்தச் சாமானுக்கு இடம் தேடு. பக்கத்துவீட்டு கியூபெக்காரன் யன்னலால பாத்து ரசிப்பான். நானும்தான்.

அதுக்காக வாங்காதை எண்டு சொல்லேல்லை. மொன்றியலில முழுச்சனமும் வீடு மாறுற யூலை முதலாந்தேதி உன்ரை ட்ரக்குக்கு வேண்டிய பாரம் கிடைக்கும். குளிர்ப்பெட்டி, சோபா, அரிசி மூட்டை, ஆற்றையோ மாமியார். நானும் இந்தமுறை வீடு மாறிறன், விடிய ஏழு மணிக்கு வந்திடு.