பேர் கொடுப்பவர்

ஓய்வுபெற்ற ராணுவத்தினரில் மலைப்பாதை ஓட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவர் ஒரு தனி வகை. சிப்பாய் பென்ஷனுக்கு 15 ஆண்டுப் பணி போதும் என்பதால், பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஊர் திரும்பிவிடுகிறார். தேய்மானமில்லாத இரண்டு முழங்கால்களும் கூடவே வருகின்றன. அக்கம்பக்கத்தில் அதே வயதுக்காரர்கள் மாடிப்படியைப் பார்த்துப் பெருமூச்சுவிடத் தொடங்கியிருப்பார்கள். எல்லாத் தொல்லையும் இந்த இடத்தில் பிறக்கிறது.

கோயம்புத்தூரில் இவ்வகையினரை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் விடியற்காலையில் காணலாம். ஒட்ட வெட்டிய முடி. கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் திரும்பியிருக்கும். ஐந்து மணிக்கு என்று சொன்னால் நாலு ஐம்பதுக்கே வந்து நிற்பார். ஐந்துக்கு வருகிறவரைத் தாமதமாக வந்தவராகவே நடத்துவார். பேசுவது கொங்குத் தமிழ், விரட்டுவது இந்தி. பெரும்பாலும் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர். 1758-இல் வேர்விட்ட அந்தப் படைப்பிரிவின் பயிற்சி மையம் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது. ஆகவே நீலகிரிச் சரிவுகள் அவருக்கு இளமையிலேயே காலில் ஏறியவை. பட்டாளத்தின் உடல்திறன் தேர்வில் 5 கிலோமீட்டர் ஓட்டத்தைப் பைக்கட்டும் துப்பாக்கியும் சுமந்து ஓட வேண்டும். அதில் தேறியவர், வெறுங்கையோடு ஓடுவதைக் காற்று வாங்குவதாகத்தான் கருதுகிறார்.

இவ்வகையின் தலையாய குணம் பேர் கொடுத்தல். பந்தயத்துக்குத் தன் பேரைக் கொடுப்பது யாரும் செய்வது. இவர் அடுத்தவர் பேரைக் கொடுப்பார். இதன் வேர் அணிவகுப்பு மைதானத்தில் இருக்கிறது. “யாராவது முன்வருகிறீர்களா?” என்று ஹவில்தார் கேட்பார், பதில் வருவதற்குள் விரலை நீட்டி மூன்று பேரைக் காட்டுவார், மூவரும் தன்னார்வலர்கள். அந்த விரல் பணிக்காலத்தோடு ஓய்வுபெறவில்லை.

அகப்படுகிறவர் பெரும்பாலும் சர்க்கரைக்காக நடக்கிறவர். சிலர் ராணுவ கேன்டீனில் மலிவாகக் கிடைக்கும் பாட்டிலை மனதில் வைத்து வலியப் போய்ப் பழகியவர்கள். மிலிட்டரிக்காரர் அந்தச் சொட்டைத் தொட மாட்டார், அதைப் பற்றிப் பேசவும் மாட்டார். “நல்லா நடக்கறீங்க” என்பார். அடுத்த வாரம், “இந்த நடைக்குச் சும்மா நடக்கக் கூடாதுங்க” என்பார். அதற்கடுத்த வாரம் நண்பரின் கைப்பேசிக்கு, அவர் கேள்விப்பட்டிராத ஓர் ஓட்டத்தில் அவருடைய பதிவு உறுதியானதற்கு வாழ்த்துச் செய்தி வரும்.

பதிவுப் படிவத்தை அவர் நிரப்பும் முறை கவனிக்கத்தக்கது. பிறந்த தேதியை ஏதோ ஒரு டீக்கடைப் பேச்சில் முன்பே கறந்து வைத்திருப்பார். ரத்த வகையை நண்பரின் மனைவியிடம், ரத்ததான முகாமுக்கு என்று சொல்லி வாங்கியிருப்பார். டி-ஷர்ட் அளவு என்ற கட்டத்தில், உடம்பு எந்த அளவில் இருந்தாலும் மீடியம்தான். கேட்டால், “ரேஸ் தேதிக்குள்ள ஆயிருவீங்க” என்பார். அவசரத் தொடர்பு எண் என்ற இடத்தில் தன் எண்ணையே போடுவார். நண்பர் எந்த வளைவில் உருண்டு விழுந்தாலும், அந்த எண் அதே மலையில் சிக்னல் இல்லாத இன்னொரு வளைவில் ஓடிக்கொண்டிருக்கும். உறவுமுறை என்ற கட்டத்தில் ‘சகோதரர்’ என்று எழுதுவார்.

பேர் கொடுத்தல் படிப்படியாக நடக்கும். தொடக்கம் பத்து கிலோமீட்டர். அடுத்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடக்கும் காவேரி டிரெயில் மாரத்தான். “மேடே இல்லீங்க, வாய்க்கா ஓரமா நடக்கற மாதிரிதான்” என்று அழைத்துப் போவார். வாய்க்கால் ஓரம் என்பது உண்மை. வெயில் ஏறியபின் அங்கே ஒதுங்க நிழல் தேட வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை நண்பர் ஓடிக்கொண்டே கண்டுபிடிப்பார். மூன்றாம் படி சிக்மகளூர்ப் பக்கத்து மல்நாடு அல்ட்ரா. குடும்பத்தாரிடம் இது ‘காப்பித் தோட்டம் சுற்றிப் பார்ப்பது’ என்று அறிமுகமாகும். தோட்டத்தை இருவரும் ஐம்பது கிலோமீட்டர் சுற்றிப் பார்ப்பார்கள். அட்டைகள் அவர்களைச் சுற்றிப் பார்க்கும். கடைசிப் படி லடாக். அங்கே கர்துங் லா சேலஞ்ச் 72 கிலோமீட்டர். அதிகாலை மூன்று மணிக்குக் கர்துங் கிராமத்தில் கிளம்பி, 17,500 அடிக்கு மேலுள்ள கணவாயைத் தாண்டி லே நகருக்கு இறங்க வேண்டும். அது தார்ச்சாலை ஓட்டம். மூச்சுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. இந்த வகையினர் அதை ‘டூர்’ என்று குறிப்பிடுகிறார்கள்.

நெடுந்தூர ஓட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் இது ஒருவருடைய தனிக் கோளாறு அல்ல என்று தெரியும். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தை 1921-இல் தொடங்கியவர் முதல் உலகப்போரில் பணியாற்றிய விக் கிளாப்ஹாம். மாண்ட தோழர்களின் நினைவாக, சுமார் 90 கிலோமீட்டர். கிரேக்கத்தின் 246 கிலோமீட்டர் ஸ்பார்ட்டத்லானுக்கு வழி போட்டவர் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஜான் ஃபோடன். 1982-இல் சக படையினர் நால்வரோடு கிளம்பி ஓடிக் காட்டினார். கலிஃபோர்னியாவில், குதிரைகளுக்கென்று இருந்த நூறு மைல் மலைப்பாதையில் 1972-இல் ஃபோர்ட் ரைலி முகாமின் படைவீரர்கள் 20 பேர் கால்நடையாக இறங்கினார்கள்; 7 பேர் முடித்தார்கள். மற்ற 13 பேரின் பேரைக் கொடுத்தது யாராக இருக்கும் என்று ஊகிக்க, ரேஸ்கோர்ஸில் ஒரு மாதம் நடந்திருந்தால் போதும்.

ஓட்ட நாளன்று மிலிட்டரிக்காரர் முன்னால் போவதில்லை. போக முடியும், போக மாட்டார். ஒவ்வொரு எய்ட் ஸ்டேஷனிலும் உப்பு போட்ட உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, தான் பேர் கொடுத்தவர்கள் வந்துவிட்டார்களா என்று தலை எண்ணுவார். கணக்கில் ஒன்று குறைந்தால் இறங்கிய சரிவிலேயே திரும்ப ஏறிப் போவார். ஓட்டத்தை முடிக்க வேண்டிய கெடு நெருங்கும்போது உட்கார்ந்துவிட்டவரின் பின்னால் நின்று, ரெஜிமென்ட்டின் போர்முழக்கமான “வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு” என்பதை உரக்கச் சொல்வார். யாரை அடிப்பது, யாரைக் கொல்வது என்பதில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நேரத்தில் ஒரு குழப்பமும் இராது. இப்படி நண்பர்களை ஓட்டிக்கொண்டு வருவதால் அவருடைய நேரம் எப்போதும் மோசம். மேடையில் பரிசு வாங்கியதில்லை.

மற்றக் குணங்கள் சில்லறை. ஊறவைத்த கொண்டைக்கடலை தின்பது, ஷூவைப் பாலிஷ் போடுகிற பிரஷ்ஷாலேயே தேய்ப்பது, எந்தக் குளிரையும் சியாச்சினோடு ஒப்பிட்டு அவமானப்படுத்துவது ஆகியவை இதில் அடங்கும்.

பேர் கொடுத்தலுக்குக் காரணம், அவருக்குத் தனியாக ஓடத் தெரியாது என்பதுதான். இருபது வருடம் பத்துப் பேரோடு எழுந்து, பத்துப் பேரோடு தின்று, பத்துப் பேரை எண்ணிவிட்டுப் படுத்தவர் அவர். மழையில் ஒருவரும் வராத ஞாயிற்றுக்கிழமையில் இதைப் பார்க்கலாம். ரேஸ்கோர்ஸ் மரத்தடியில் ஆறரை வரை நிற்பார். யாருக்கும் போன் போட மாட்டார். பிறகு ஒரு சுற்றுகூட ஓடாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். இதைப் பார்த்துவிட்ட நண்பர் அடுத்த ஞாயிறு மழையிலும் வருவார். அவருடைய சர்க்கரையும் குறைந்துதான் இருக்கும். மருத்துவர் ஆச்சரியப்பட்டு, என்ன செய்தீர்கள் என்று கேட்டிருப்பார்.

இத்தனையும் சரி. ஆனால் பதிவுக் கட்டணம் திரும்ப வராது. தங்கையின் மகள் கல்யாணமும் மல்நாடு அல்ட்ராவும் ஒரே வாரத்தில் வந்த வருடம், அந்தக் குடும்பத்துக்குச் சொன்ன சமாதானம் இன்னும் செல்லுபடியாகவில்லை. மருத்துவச் சான்றிதழுக்காக கிளினிக் வாசலில் அரை நாள் காத்துக்கிடந்ததும், மீடியம் டி-ஷர்ட்டில் மூச்சுப் பிடித்து நின்று எடுத்த படங்களும் கணக்கில் சேரவில்லை. “வர்றீங்களா?” என்பது ஒரு சொல். எழுதப் படிக்கத் தெரிந்த, வாட்ஸாப் வைத்திருக்கிற ஒருவருக்கு அதைக் கேட்க அரை நிமிடம் ஆகாது. கூடப்பிறந்த சகோதரனாகவே இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் பேர் கொடுக்க வேண்டும்.